காதுக்குள் மறையும் பாதி

தம்பிக்குக் காது குத்துவதற்கு இரண்டு நாள் முன்பு நைனா என்னைச் சித்தூர் பஜார் தெருவுக்குக் கூட்டிப்போனார். 1974. எனக்கு எட்டு வயது. ஆசாரியின் கடை என்பது ஒரு வீட்டின் தெருப்பக்கத் திண்ணைதான். மேலே தகரக்கூரை, கீழே கனன்றுகொண்டிருக்கும் உமி ஓடு, பக்கத்தில் ஊதுகுழல். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்து கொடுத்த உடைந்த தோட்டை ஆசாரி வாங்கி உரைகல்லில் இழுத்துப் பார்த்தார். பிறகு அதை உருக்கப் போடாமல், கத்திரியால் இரண்டு மூன்று இடங்களில் துண்டு துண்டாக வெட்டி, வெட்டியதைத் தனியாக ஒரு சிரட்டையில் போட்டார். அதுவும் தங்கம்தானே என்று நைனா கேட்டார்.

"அது ஒட்டு வெச்ச எடம். பொடி பட்டது பச்சைக் காதுக்கு ஆவாது. எடை போட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

பொடி வைத்துப் பேசுகிறான் என்கிறோமே, அந்தப் பொடி இதுதான். தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் பித்தளையும் கலந்து, சீக்கிரம் உருகும்படி செய்த தூள். இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்து ஊதினால் இளகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. அன்றைக்கு எனக்கு அது எதுவும் புரியவில்லை. சிரட்டையில் கிடந்த மினுக்கும் துணுக்குகளையும், மீதியை உருக்கிக் கம்பியச்சில் கோத்து அவர் இழுத்த இழுப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய துளை, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது என்று ஏழெட்டுத் துளைகளில் நுழைந்து வெளியே வந்தபோது அது நூல் மாதிரி இருந்தது. ஒரு முனையை அரத்தால் தேய்த்து ஊசியாக்கினார். அந்தக் கம்பியே ஊசி, அதுவே கடுக்கன். குத்தி, வளைத்து, முனையை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

தம்பியை மாமா மடியில் உட்கார வைத்தார்கள். முந்தின நாள்தான் திருமலையில் முடி கொடுத்துவிட்டு மலை இறங்கியிருந்தோம். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பாட்டி "செவுலு குட்டேதெப்புடண்டி", காது குத்துவது எப்போது, என்று வாசலில் வந்து நின்றார். தெலுங்கில் துணி தைப்பதற்கும் தேள் கொட்டுவதற்கும் காது குத்துவதற்கும் ஒரே சொல்தான்: குட்டு. தம்பி அலறியதைப் பார்த்தபோது தேளின் பக்கம்தான் அந்தச் சொல் நிற்கிறது என்று நினைத்தேன். வாயில் வெல்லம் வைத்தார்கள். பத்து நாள் தேங்காயெண்ணெய் தொட்டுக் கம்பியைத் திருப்பிவிட்டார் ஆயா. ஒரு துளி சீழ் இல்லை.

அந்த ஆசாரியின் கையில் சுத்தம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். குறடு எத்தனை பேர் காதைத் தொட்டதோ. கை கழுவி நான் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அவரையும் அறியாமல் எங்களைக் காத்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் புதுக் கம்பி, ஆகவே ஒருவர் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவருக்குப் போகவில்லை. அடுத்தது, ஒட்டே இல்லாத தங்கம். காதுக்குள் மறைந்து கிடக்கும் பாதியைப் பற்றி யோசித்த மனிதர் அவர். அந்தப் பாதியை யாரும் யோசிக்காத காலத்துக்குள் நான் பத்தே வருடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

1984-இல் பி.எஸ்சி. வேதியியல் படிக்கத் திருப்பதி போனேன். ஹாஸ்டலில் திருட்டுப் பயம் என்று அம்மா என் தோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டார். கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் அட்டையில் குத்தி மாட்டிய கம்மல்கள் தொங்கும். வெள்ளைக் கல், சிவப்புக் கல், முத்து. எங்கள் அறையில் நான்கு பேர், நாலு பேரும் ஆளுக்கொரு அட்டை வாங்கினோம். தினமும் ஒரு நிறம். அதுவரை எனக்கிருந்த ஒரே தோட்டைக் குளிக்கும்போதுகூடக் கழற்றியது கிடையாது; இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பதினெட்டு வயதில் அது பெரிய மகிழ்ச்சி.

மூன்றாவது வாரம் அரிப்பு தொடங்கியது. பிறகு காது மடல் தடித்தது. துளையில் தண்ணீர் மாதிரி ஊறி, காய்ந்து, தலையணையில் ஒட்டிக்கொண்டது. திருப்பதி வெயிலில் வியர்க்க வியர்க்க எரிந்தது. உடம்புச் சூடு என்றாள் ஒருத்தி. கண்ணேறு என்றாள் இன்னொருத்தி. கம்மலைக் கழற்றினால் ஒரு வாரத்தில் அடங்கும். போட்டால் ஒரே நாளில் திரும்ப வரும். சனிக்கிழமை பாகாலா வழியாக வீட்டுக்குப் போய் இறங்கியபோது ஆயா என் காதைப் பார்த்துவிட்டுப் பேசவே இல்லை. கொல்லையில் போய் வேப்ப ஈர்க்கு ஒடித்து, அளவாக நறுக்கி, துளை தூர்ந்துபோகாமல் செருகிவிட்டார். நான்கு நாளில் ஆறியது. வேம்பின் மகிமை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வேம்புக்கு அதில் எவ்வளவு பங்கோ, உலோகம் இல்லாமல் போனதற்கு அதைவிடப் பெரிய பங்கு என்று இன்று நினைக்கிறேன். என் துளை பழைய துளை, தோல் மூடிய துளை. புதிதாகக் குத்திய காதில் கொல்லைக் குச்சியைச் செருகக்கூடாது.

இடையில் அம்மா வெள்ளிக் கம்மல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அது கறுத்தது. வெள்ளி வியர்வையிலும் காற்றிலும் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். புண்ணுக்குள் இருந்தால் அந்தக் கறுப்பு தோலுக்குள் இறங்கி நீலம் பாரித்த தழும்பாகத் தங்கிவிடவும் கூடும். ஆறிய காதுக்கு வெள்ளி சரி, ஆறாத காதுக்கு வேண்டாம்.

சித்தூர்க்காரர்களுக்கு வைத்தியம் என்றால் வேலூர். அங்கே ஒரு தோல் டாக்டர் என் காதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மணிக்கட்டைக் காட்டச் சொன்னார். வாட்ச் வாரின் கொக்கி படும் இடத்தில் ஒரு சொறித் தழும்பு. உள்பாவாடையில் ஊக்கு குத்தும் இடத்தில் அரிக்குமா என்று கேட்டார். அரிக்கும். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளில் மருந்து வைத்து ஒட்டி இரண்டு நாள் குளிக்காதே என்று அனுப்பினார். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பிரித்தபோது ஒரே ஒரு வில்லை இருந்த இடம் மட்டும் சிவந்து, தடித்து, குட்டிக் கொப்புளங்களோடு இருந்தது. வாசலின் போன்ற பசையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நிக்கல் சல்பேட் வைத்த இடம்.

"உன் உடம்பு நிக்கலை ஒரு தடவை அடையாளம் கண்டு வெச்சுக்கிட்டதும்மா. இனி மறக்காது" என்றார். வியர்வையின் உப்பு நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தோலுக்குள் அனுப்புகிறது. தோலின் புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டதும் உடம்பு அதை அந்நியன் என்று குறித்துக்கொள்கிறது. பெண்களிடம் இது அதிகம், ஏனென்றால் காதில் துளை இருப்பது பெரும்பாலும் நமக்கு. துளையின் உட்பக்கம் ஆறும்வரை அது திறந்த புண். அந்த வழியில் நேராக உள்ளே போகிறது.

ஆனால் எனக்கு இது நெஞ்சில் இறங்கியது ஆஸ்பத்திரியில் இல்லை. 1986, கல்லூரி ஆய்வகம். மூன்றாம் ஆண்டில் எடையறி பகுப்பாய்வு என்று ஒரு செய்முறை உண்டு. பச்சை நிற நிக்கல் கரைசலைச் சூடாக்கி, டைமெத்தில் கிளையாக்சைம் ஊற்றி, அம்மோனியா விட்டதும் பீக்கருக்குள் செம்பருத்தி இதழைக் கசக்கிப் போட்ட மாதிரி ஒரு சிவப்பு வீழ்படிவு திரளும். வேதியியல் படித்தவர்கள் யாரும் அந்தச் சிவப்பை மறக்கமாட்டார்கள். மற்றவர்கள் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து அந்த வெள்ளைக்கல் கம்மலை எடுத்தேன். தூக்கிப் போட மனசு வராமல் இரண்டு வருஷமாக வைத்திருந்தேன். பஞ்சில் கிளையாக்சைமும் அம்மோனியாவும் ஒவ்வொரு சொட்டு விட்டுத் தண்டின் மேல் அரை நிமிடம் தேய்த்தேன்.

பஞ்சு சிவந்தது.

முகப்பைத் தேய்த்தேன். கல்லைச் சுற்றிய தகட்டில் நிறம் லேசாக வந்தும் வராமலும் இருந்தது. திரும்பத் தண்டு: சிவப்பு. திருகாணியின் மரை: அடர்த்தியான சிவப்பு. ஊருக்குக் காட்டும் பக்கம் நல்லவிதமாக இருந்தது. என் உடம்புக்குள் கிடந்த பக்கம்தான் நஞ்சைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது.

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கவரிங், ஒன் கிராம் கோல்டு என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே பெரும்பாலும் பித்தளை அல்லது செம்பு. அதன்மேல் நேராகத் தங்கமுலாம் பூசினால் செம்பு மெல்ல மேலேறி வந்து நிறத்தைக் கெடுக்கும். அதைத் தடுக்க நடுவில் பலசமயம் நிக்கல் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். அதற்கு மேல் இருக்கும் தங்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. முகப்பு எதிலும் உரசுவதில்லை. தண்டு தினமும் துளையில் நுழைந்து வெளியே வருகிறது, மரை தினமும் திருகப்படுகிறது. முதலில் தேய்வது அங்கேதான், காது திறந்திருப்பதும் அங்கேதான். கழுத்துக்கும் கைக்கும் கவரிங் போட்டுக்கொள்கிறவர்களை நான் குறை சொல்வதில்லை. கல்யாண வீட்டில் அதன் அழகு தனி. உடம்பைத் துளைத்து உள்ளே போவது மட்டும் வேறு கணக்கு.

ஆசிரியையாகி வகுப்பெடுக்கத் தொடங்கிய பிறகு பிள்ளைகள் என்னிடம் சரியான கேள்வி கேட்டார்கள். "எவர்சில்வர்லயும் நிக்கல் இருக்குதே டீச்சர், தட்டைத் தொட்டா உங்களுக்கு அரிக்காதா?" நம் சமையலறை எவர்சில்வர் பலவற்றில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல் உண்டு. எனக்கு அரிப்பதில்லை. அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் ஒரு படலம் கட்டி நிக்கலை உள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதே கேள்வி. டென்மார்க் இதைப் புரிந்துகொண்டு 1990-இலேயே நகைகளிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு வரம்பு கட்டியது. அதற்குப் பிறகு காது குத்திக்கொண்ட சிறுமிகளிடம் ஒவ்வாமை குறைந்தது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் போட்டது. இன்று அங்கே தோலில் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது. துளைக்குள் போகும் தண்டுக்கு வரம்பு இன்னும் கடுமை, 0.2 மைக்ரோகிராம். தண்டுக்கென்று தனி எண்! அதைப் படித்த அன்று எனக்குப் பஜார் தெரு ஆசாரியின் சிரட்டைதான் ஞாபகம் வந்தது.

அவரிடம் ஒரு மனக்குறை இருந்தது. "பதினாலு காரட்" என்பது அவர் வாயில் வசவு. 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். 1966-இல் தளர்த்துவதற்குள் நாடெங்கும் எத்தனையோ பொற்கொல்லர் வீடுகளில் உலை அணைந்துவிட்டது. அவர் அண்ணன் பட்டறையை விற்றுவிட்டு மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கப் போனாராம். அந்தக் காயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் உடலில் துளையிடுவதையே தொழிலாகக் கற்றவர்கள் இன்று 14 காரட்டையும் ஏற்கிறார்கள், மீதிப் பத்துப் பங்கில் நிக்கலும் காட்மியமும் இல்லாவிட்டால். 22 காரட் என்றால் மீதி இரண்டே பங்கு. அதனால் பாதுகாப்பு அதிகம், ஆனால் மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். எத்தனை காரட் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. மிச்சம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

காட்மியத்தைச் சொன்னேன். கே.டி.எம். என்று கடைப்பலகைகளில் பெருமையாக எழுதி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஒட்டு வைக்கும் பொடிக்குப் பதில் தங்கத்தில் காட்மியம் கலந்து ஒட்டினால் மாற்று குறையாது என்பது அதன் கவர்ச்சி. காட்மியம் 321 டிகிரியில் உருகி 767-இல் ஆவியாகும். தங்கம் உருகவே 1064 வேண்டும். ஊதுகுழல் பிடித்தவர்களின் நெஞ்சுக்குள் போனது அந்த ஆவி. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். பின்னாளில் அதைத் தடை செய்தது. வாங்குகிறவளின் காதைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, செய்கிறவரின் நுரையீரலை விட்டுவிட எனக்கு மனமில்லை.

2016-இல் என் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"ம்மா, காதுக்கு மேல்பக்கம் குத்திக்கப் போறேன். திட்டாத."

திட்டவில்லை. என் ஆயா அதே மேல்மடலில் கொப்பும் முருகும் போட்டிருந்தவர். அங்கே இருப்பது குருத்தெலும்பு. ரத்த ஓட்டம் குறைவு, ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும், சீழ் பிடித்தால் மடலே சுருங்கிப்போகும். நகைக்கடைகளில் படக்கென்று அடிக்கும் துப்பாக்கி அங்கே ஆகவே ஆகாது. அது குத்துவதில்லை, மழுங்கிய தண்டை அழுத்தி நசுக்கி நுழைக்கிறது. பிளாஸ்டிக் உடம்பு என்பதால் பெரும்பாலானவற்றை நீராவியில் வேகவைக்கவும் முடியாது. உள்ளே துளையுள்ள ஊசி, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, ஆட்டோக்ளேவ், இதையெல்லாம் கேட்டாயா என்றேன். கேட்டிருந்தாள். என்ன உலோகம் என்றேன்.

"டைட்டானியம். எஃப்-136ன்னு சொன்னாங்க. சர்ட்டிபிகேட் காட்டினாங்க."

தொண்ணூறு பங்கு டைட்டானியம், ஆறு அலுமினியம், நான்கு வனேடியம். எலும்பில் பதிக்கும் தகடுகளுக்காக வகுத்த தரம். காற்றுப் பட்ட கணமே தன்மேல் ஒரு ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அவள் தண்டு வெளிர்நீலமாக இருந்தது. அது சாயம் இல்லை. மின்சாரம் செலுத்தி அந்தப் படலத்தின் தடிமனை மாற்றினால் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். 'சர்ஜிகல் ஸ்டீல்' என்று அட்டையில் அச்சடித்து விற்பதை நம்பாதே என்றும் சொல்லிவைத்தேன். அந்தப் பெயருக்குத் திட்டமான பொருள் கிடையாது. 316எல் என்ற நல்ல வகையில்கூடப் பத்து முதல் பதினான்கு பங்கு நிக்கல் இருக்கிறது. பளபளவென்று மெருகிட்டிருந்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், என்னைப் போல ஏற்கெனவே சூடுபட்டவர்களுக்கு வேண்டாம்.

உறவினர் ஒருவர் கேட்டார், ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணியில் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று. 1960 வரை எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. என் மாமாவும் வெள்ளி வேல் குத்திக் காவடி எடுத்தவர். மலையேறி, இறக்கி, திருநீறு வைத்து அழுத்தினால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். காதுமடலின் மெத்தென்ற கீழ்ப்பக்கம் ஆறுவதற்கே ஆறு முதல் எட்டு வாரம். அத்தனை நாளும் சதை அந்த உலோகத்தை அணைத்துக்கொண்டே புதுத்தோல் வளர்க்கிறது.

2023-இல் அந்த மகளின் குழந்தைக்குக் காது குத்தும் முறை வந்தது. பதினோராம் மாதம், தடுப்பூசிகள் தவறாமல் போட்டாயிற்று. திருப்பதியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கல் வைத்த குட்டிக் கம்மலை நீட்டினார்கள். ஹால்மார்க் எங்கே என்றேன்.

"ரெண்டு கிராமுக்குக் கீழ தேவையில்லை மேடம்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தெண் கொண்ட எச்.யூ.ஐ.டி. அடையாளம் இல்லாமல் விற்கக்கூடாது என்றானது. இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. குழந்தையின் முதல் கம்மலும் கன்னிப்பெண்ணின் மூக்குத்தியும் அந்த எடையில்தான் வரும். வளையலுக்கும் ஆரத்துக்கும் முத்திரை உண்டு. புண்ணுக்குள் போகிற பொருளுக்கு இல்லை. இன்னொரு தட்டில் ஒயிட் கோல்டு காட்டினார்கள். வெளுக்கச் சேர்த்தது நிக்கலா, பல்லேடியமா என்று கேட்டேன். விற்பனைப் பெண் மேலாளரைப் பார்த்தாள், மேலாளர் ஏசியைப் பார்த்தார். 750 என்ற முத்திரை இருந்திருந்தாலும் அது தங்கத்தின் அளவைத்தான் சொல்லும். மிச்சம் 250 என்ன என்று சொல்லாது.

சித்தூருக்கே திரும்பினேன். பழைய ஆசாரியின் மகன் இன்னும் தொழிலில் இருக்கிறார். திண்ணை போய்க் கண்ணாடிக் கடை வந்திருக்கிறது. கம்பி இழுத்துத் தரவேண்டும், ஒட்டு கூடாது என்றேன். சிரித்தார். "அப்பா சொல்லுவாரு, பொடி பட்டது ஆவாதுன்னு. இப்ப யாரும் கேக்கறதில்ல டீச்சரம்மா." இழுத்தார். நான் பையிலிருந்து இரண்டு சொட்டுப் பாட்டில்களையும் பஞ்சையும் எடுத்துக் கம்பியைத் தேய்த்தேன். வெள்ளை. கம்பியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியில் சுற்றி, வீட்டில் குக்கரில் வெயிட் போட்டு இருபது நிமிடம் வேகவைப்பேன் என்றேன். தங்கம் இளகிவிடாதா என்று என் மகன் கேட்டான், அவன்தான் தாய்மாமன். நூற்றிருபது டிகிரியில் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஆசாரி அவனுக்குப் பதில் சொன்னார். கையுறை போட்டுத்தான் குத்தவேண்டும் என்றதற்கும் சரி என்றார்.

பிறகு பாட்டில்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். எதற்கு, எப்படி என்று கேட்டார். சொன்னேன். மேஜை டிராயரைத் திறந்தார். கம்மல் ரிப்பேருக்கு வந்தால் மாட்டிக்கொடுக்க மொத்தக் கடையில் வாங்கி வைத்திருந்த திருகாணிகள், தண்டுகள், ஒரு பொட்டலம். மடியில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முதல் மூன்றும் வெள்ளை. நான்காவதில் பஞ்சு சிவந்தது. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய் ஒரு சிரட்டை கொண்டுவந்து அதில் போட்டார். ஐந்தாவதை எடுத்தார்.